கொல்லைத் திருப்பணி

சைவ மரபில் உழவாரப்பணி என்று வழங்குவது, திருக்கோயிலின் பிராகாரத்திலும் வீதியிலும் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கித் தூய்மை செய்யும் தொண்டாகும். நீண்ட காம்பின் முனையில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய அந்தக் கருவியைத் தோளில் சாய்த்த கோலத்திலேயே திருநாவுக்கரசரின் திருவுருவம் ஆலயந்தோறும் நிற்கிறது. அவர் தம் இறுதிக் காலத்தில் தங்கிப் பணிசெய்த திருப்புகலூர், காரைக்காலை அடுத்த போலகம் என்னும் ஊருக்கு மேற்கே, அதே காவிரிக் கடைமடை நாட்டில் உள்ளது. அங்கே அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் வெளிப்பட, அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். அவர் முத்தியடைந்த சித்திரைச் சதய விழாவும், கடைமடை ஊர்களில் வீட்டுக் கொல்லை சீர்படும் காலமும் ஒரே பருவத்தில் அமைவது எண்ணத்தக்கது.

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகத்தின் பக்கங்களில், சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னதாக ஈரத்திலேயே தெளிக்கப்பட்ட உளுந்தும் பயறும் முற்றிக் களத்துக்கு வந்துவிட்டால், வீட்டாரின் கை கொல்லைப் பக்கம் திரும்புகிறது. இளவேனில் என்று தமிழ் மரபு வகுத்த சித்திரை, வைகாசிப் பருவம் தொடங்கும் நேரம் அது. பெரியவர்கள் பூவரசங் கிளைகளை நட்டு வேலியை அடைக்க, பிள்ளைகள் வேப்பஞ்சருகையும் செத்தையையும் வாரி எருக்குழியில் கொட்டுவர். மண்ணைக் கிளறிக் கரையானையும் புழுவையும் தின்று, தன் எச்சத்தால் அதே மண்ணுக்கு உரமும் ஊட்டும் கோழி, முளைவிட்ட கீரைப்பாத்தியையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே பாத்திக்கு முள் வேலியும், குஞ்சுகளுக்குப் பஞ்சாரமும், அதாவது மூங்கிலால் முடைந்த கவிப்புக் கூடையும், தேவையாகின்றன. காலையில் கோழியை விரட்டிய கையே மாலையில் அதற்கு நொய் இறைக்கிறது. இல்லறம் என்னும் சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கம் அரிது.

காரைக்காலுக்கு வடக்கே இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் உணவைத் தின்ன வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் முக்கால் தேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. நகரத்தின் செல்வப் பெருக்கிற்குச் சான்றாக இதைக் காட்டுவது உரையாளர் வழக்கம். எனினும் தாயும் பிள்ளையும் கோழியும் ஒரே முற்றத்தைப் பங்கிட்டுக்கொண்ட வாழ்வு அந்தப் பொன்னிலும் பெரிது.

அடைகாத்தல் இன்னும் ஆழமான பாடம். வைக்கோலோ மணலோ பரப்பிய பழங்கூடையில் முட்டைகளை வைத்து, கோடை இடிக்கு அஞ்சி ஓர் இரும்புத் துண்டையும் கரித்துண்டையும் அருகில் செருகிய பின், தாய்க்கோழி அதில் 21 நாள் அமர்கிறது. மார்பின் இறகு உதிர்ந்து வெறுமையான தோல் முட்டையின் ஓட்டோடு நேரே ஒட்ட, ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ளே செல்கிறது. நாளுக்கு ஒருமுறை இரைக்கும் நீருக்கும் எழுந்து விரைவில் திரும்பும் அது, மூக்கால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரத்தில் கிடந்ததை நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது.

ஆசிரியர் மாணவரின் பாசத்தை நீக்கி ஞானத்துக்கு உரியவராக்கும் செயலைச் சைவ சித்தாந்தம் தீக்கை என்று வழங்குகிறது. மீன் பார்த்தே முட்டையைப் பொரிக்கும், ஆமை நினைந்தே பொரிக்கும், பறவை தழுவியே பொரிக்கும் என்ற பழைய நம்பிக்கையைக் கொண்டு, அருள்நோக்கால் செய்வதை நயன தீக்கை என்றும், மனத்தால் பாவித்துச் செய்வதை மானச தீக்கை என்றும், கையால் தொட்டுச் செய்வதைப் பரிச தீக்கை என்றும் பெரியோர் விளக்கினர். இல்லறத்தாருக்கு இம்மூன்றில் மிக அணுக்கமானது பரிசமே. தொலைவிலிருந்து அனுப்பும் பணமும் நல்லெண்ணமும் குடும்பத்தைத் தாங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் களைபிடுங்கி மண் ஒட்டிய கை, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் படும்போது கடக்கின்ற ஒன்று அவற்றின் வழியே கடப்பதில்லை.

தொடுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆன்மாவைப் பிணித்த மலம் கழலத்தக்க பக்குவம் அடைவதை மலபரிபாகம் என்பர். அது வாய்க்குமுன் அருள் பதிவதில்லை என்பது சித்தாந்தத் துணிபு. 21ஆம் நாள் ஓட்டில் சிறு விரிசல் கண்டதும் பேரப்பிள்ளை விரலை நீட்ட, பாட்டி அந்த விரலை மெல்லப் பற்றி நிறுத்துகிறாள். ஓட்டின் உட்சவ்வில் இன்னும் குருதி ஓடிக்கொண்டிருக்கையில் வெளியிலிருந்து உடைத்தால் குஞ்சு பிழைப்பது அரிது என்பதை அவள் அறிவாள். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிட, தாய்க்கோழி அசையாமல் அமர்ந்தபடியே அடித்தொண்டையில் மறுமொழி சொல்கிறது.