வாட்டம்

தொட்டியில் ஒரு செடி. அதன் இலைகள் தொங்குகின்றன. பார்த்தவர் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார். இந்தச் செயலில் கேள்விக்கு இடமிருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. வாடியதற்கு நீர், பசித்தவனுக்குச் சோறு, அழுகிறவனுக்கு ஆறுதல் என்று நம் மனத்தில் சில ஜோடிகள் நெடுங்காலமாக முடிபோட்டுக் கிடக்கின்றன. இவற்றில் முதல் ஜோடியே சந்தேகத்துக்குரியது என்பதை ஒரு செடியைக் கொன்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் முடிச்சு அவிழ்ந்ததும் மற்றவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஐயம்பேட்டையில் எங்களுடையது நெசவு வீடு. முன்கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டுவிடும். அண்ணன் தரையில் வெட்டிய குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்வான். தறிக்கு வெளிச்சம் வரும் ஜன்னலோரம், பெயிண்ட் தீர்ந்த ஒரு பிளாஸ்டிக் வாளியில் மணி பிளாண்ட் இருந்தது. அப்பா வைத்தது. அவர் போன பிறகு அது செடி என்ற நிலையிலிருந்து வேறொன்றாகிவிட்டது. அம்மா காலையில் எழுந்ததும் அதற்கு நீர் விடுவாள். அண்ணி பாத்திரம் கழுவி முடித்த கையோடு ஒரு செம்பு. அண்ணன் தறியை விட்டு எழும்போது, குடித்து மிஞ்சியதை அதில் கவிழ்ப்பான். இரவில் நான். ஒருவர் ஊற்றுவது மற்றவருக்குத் தெரியாது. ஐப்பசியில் இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. எல்லோருக்கும் மனம் பதைத்தது. எல்லோரும் இன்னும் கொஞ்சம் ஊற்றினோம்.

அந்த மழையில் தறிக்குழியிலும் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோயிற்று. தரையைப் பார்க்க வந்த கொத்தனார் வாளியை நகர்த்தி வைக்கத் தூக்கினார். "என்னம்மா, இந்தக் கனம் கனக்குது? அடியில ஓட்டையே போடலியா? தண்ணி போக வாட்டம் இல்லாம செடி எப்பிடிப் பொழைக்கும்?" என்றார். அவருக்கு அந்தச் செடியிடம் எந்தப் பிரியமும் கிடையாது. நால்வர் அன்பு கண்டுபிடிக்காததை ஒருவருடைய கை, எடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது. வாளியைக் கவிழ்த்தோம். வேர்கள் பழுப்பேறிக் குழகுழத்துக் கிடந்தன. மண்ணில் சாக்கடை வாடை.

நடந்தது எளிமையானது. இலையின் செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தமே இலையை விறைப்பாக நிறுத்துகிறது. அழுத்தம் குறைந்தால் இலை தொங்கும். மண் வறண்டால் அழுத்தம் குறைவது யாருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் வேர் நீரை வாங்குவதற்கு வேரும் மூச்சுவிட வேண்டும். மண் துகள்களுக்கிடையே இருக்கும் காற்றிலிருந்து அது ஆக்ஸிஜன் எடுக்கிறது. அந்த இடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால், ஆக்ஸிஜன் வந்து சேர்வது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகிவிடுகிறது. மூச்சடைத்த வேரின் செல்சவ்வுகளில் நீர் நுழையும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அவை எப்படி மூடுகின்றன என்பதை 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பின்பு அழுகல் காளான் வந்து சேர்கிறது. அதாவது, செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தால் சாகிறது. மேலே தெரியும் இலையோ, பாலையில் நிற்கும் செடியின் இலையைப் போலவே தொங்குகிறது.

குறி ஒன்று, காரணங்கள் எதிரெதிர். வேறு காரணங்களும் உண்டு. நடுப்பகல் வெக்கையில் தொங்கி, மாலையில் தானே நிமிர்கிற இலைக்கு நோயே இல்லை. உரம் மிகுந்து மண்ணில் உப்பேறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. தொட்டி மாற்றிய அதிர்ச்சியில் சில நாள் துவளும் செடியும் உண்டு. நீர் தேங்கிய தக்காளிச் செடியில் இன்னொரு விசித்திரம்: இலை விறைப்புக் குறையாமலே காம்பு மட்டும் கீழே வளையும். வேர் மேலே அனுப்பும் ஒரு ரசாயனம் எத்திலீன் வாயுவாக மாறிச் செய்கிற வேலை அது. இத்தனைக்கும் இலையிடம் இருக்கும் ஒரே மொழி தொங்குவதுதான். வாடிய இலை "எனக்கு நீர் வேண்டும்" என்று சொல்வதாக நாம் கேட்பது நம்முடைய மொழிபெயர்ப்பு. அது சொல்வது "ஏதோ சரியில்லை" என்பது மட்டுமே.

தமிழில் இலைக்கும் முகத்துக்கும் ஒரே சொல், வாட்டம். கொத்தனாருக்கோ வாட்டம் என்றால் நீர் ஓடுவதற்காகத் தரையில் வைக்கும் சரிவு. எங்கள் வாளியில் முதல் வாட்டம் வந்தது, இரண்டாவது வாட்டம் இல்லாததால். இதைச் சொல் விளையாட்டென்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நாங்கள் ஒரு வாட்டத்தை மட்டுமே அறிந்திருந்தோம் என்பது விளையாட்டல்ல.

இங்கே கேள்வி அறிவு பற்றியதா, அறம் பற்றியதா? தெரியாமல் செய்த பிழை, அவ்வளவுதான் என்று முடித்துவிட முடியவில்லை. ஏனென்றால் தெரிந்துகொள்வது கடினமாக இருக்கவில்லை. விரலின் இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்திருக்கலாம். வாளியை ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கலாம். அண்ணன் தறியில் இப்படித் தவறுகிறவனல்ல. துணியில் ஒரு கோடு விழுந்தால் துணியோடு மல்லுக்கு நிற்கமாட்டான். கோட்டின் காரணம் அச்சிலோ பாவிலோ இருக்கும் என்று அங்கே குனிவான். அதே கண்கள் எட்டடி தள்ளியிருந்த ஜன்னலில் ஏன் வேலை செய்யவில்லை? தொழிலில் நமக்கு வேண்டியது விளைவு. பரிவில் நமக்கு வேண்டியது, பெரும்பாலும், பரிவு காட்டிவிட்டோம் என்ற நிம்மதி. தொங்கும் இலை நம்மைத் தொந்தரவு செய்கிறது. அந்தத் தொந்தரவைத் தணிக்க நீர் ஊற்றுகிறோம். ஊற்றிய மறுகணம் தணிவது நம் மனம். செடியின் தாகம் தணிந்ததா என்று பார்க்க நின்றவர் எங்களில் யாருமில்லை.

நம் மரபில் வாடும் செடியின் முன் நின்ற இருவர் நினைவுக்கு வருகிறார்கள். பாரி கொழுகொம்பில்லாத முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். அவன் குறையைச் சரியாகக் கண்டவன் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கொடிக்கு வேண்டியது பற்றுக்கோடு என்று படித்த பிறகே கை நீட்டினான். ஆனால் நாம் போற்றுவது அந்தப் பார்வையை அல்ல, தேரை. ஒரு மூங்கில் கழியை நட்டுவிட்டு நடந்திருந்தால் முல்லைக்கு அதுவே போதும். பாரியின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்காது. கொடையின் அளவைக் கொண்டாடிப் பழகிய சமூகத்துக்கு, கண்டறிதல் ஒரு நற்குணமாகத் தோன்றுவதில்லை.

பயிரின் வாட்டத்தைத் தம் உடம்பில் உணர்ந்ததாகப் பாடிய வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அவர் முன் வந்து நின்ற பசியில் ஐயத்துக்கு இடமில்லை. அங்கே குறியும் காரணமும் ஒன்று. மருந்தும் அதுவே. அவருடைய கருணையை நான் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கருணையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வாடுவது தெரிந்தால் போதும், மிச்சம் தானே தெரியும் என்று நினைத்துவிட்ட எங்களைக் கேட்கிறேன். வயலுக்கு மழையும் உண்டு, வடிகாலும் உண்டு. வாளிக்கு நாங்கள் மட்டுமே உண்டு. முழுக்க நம்மை நம்பியிருக்கும் உயிரிடத்தில் பிழைபட்ட அன்புக்கு மாற்று கிடையாது.

செடியைக் குறியீடாக்கக்கூடாது என்ற எச்சரிக்கை எனக்கு உண்டு. ஆனாலும் தறிவீட்டில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது பொய்யாகும். நெசவாளி முகம் வாடினால் அவனுக்குக் கிடைப்பது முன்பணம். கலியாணத்துக்கு, பிரசவத்துக்கு, மழைக்கு. கொடுப்பவரில் நல்ல மனத்தோடு கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் கூலி உயராமல் முன்பணம் மட்டும் உயர்ந்துகொண்டே போனால், அது அடியில் ஓட்டையில்லாத வாளி. கடன் வடிய வழியில்லை. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் உட்கார்ந்த காலம் உண்டு. கொத்தடிமை முறையை 1976-ல் சட்டம் ஒழித்த பிறகும் அது நீடித்தது. மேலும் கொஞ்சம் கொடு என்பது அங்கே இரக்கம்போலத் தோற்றமளித்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அடியில் ஓட்டை எங்கே என்பது.

அப்படியானால் காரணம் நிச்சயமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. வறட்சியில் துவளும் செடிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் மீளாது. தாமதமும் கொல்லும். கண்டறிதல் என்ற பெயரில் காலம் கடத்துகிற கமிஷன்களை நாம் பார்த்திருக்கிறோம். நான் கேட்பது அந்தத் தாமதம் அல்ல. செம்பை எடுப்பதற்கும் கவிழ்ப்பதற்கும் நடுவே, ஒரு விரலை மண்ணில் விட்டு எடுக்கும் நேரம். அவ்வளவு நேரம் தன் பதைப்பைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் இந்த அறத்தில் எதுவும் இல்லை. அதுவே கடினமாக இருக்கிறது.

அழுகாத தண்டில் கணுவோடு மூன்று துண்டுகள் நறுக்கி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டு வைத்தோம். வேர் விட்டன. தண்ணீரால் செத்த செடி தண்ணீரிலேயே பிழைக்கிறதே என்று அண்ணி சிரித்தாள். முரண் எதுவும் இல்லை. கொன்றது தண்ணீரல்ல, காற்றின்மை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றும் தெளிந்த நீரில் காற்று கலந்திருக்கிறது. அதில் பிறக்கும் வேரும் அதற்கேற்பவே பிறக்கிறது. ஊற்றுகிற உரிமை இப்போது அண்ணி ஒருத்திக்குத்தான்.

அப்பா போன புதிதில் அம்மாவின் முகவாட்டத்தைக் கண்டு ஊரே வந்து ஆறுதல் ஊற்றியது. நாங்களும்தான். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டோடு நான் அருகில் போய் உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்: "கொஞ்ச நேரம் என்னச் சும்மா இருக்க விடுடா." அன்று அதை அவளுடைய வருத்தத்தின் இன்னொரு அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு கவளம் சாப்பிடச் சொன்னேன்.