எல்லோரும் எடுத்துவிட்டால்..?

விருதுநகர் மாவட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்பீர்கள். ராஜபாளையம் நாய் என்பீர்கள். மே மாதமாக இருந்தால், ‘பிளஸ் டூ ரிசல்ட்ல எப்பவும் முன்னாடி நிக்குற ஊராச்சே!’ என்பீர்கள். உண்மைதான். 2023-ல்கூட 97.85 சதவீதத்துடன் மாநிலத்திலேயே முதலிடம்.

அந்தச் சதவீதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பரீட்சை எழுத வந்தவர்களைத்தான் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆறாவதிலோ எட்டாவதிலோ நின்றுபோன பிள்ளை அதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. அதனால், எட்டாவதோடு முடிகிற அரசு நடுநிலைப் பள்ளிப் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிஃப்டுக்குப் போகிற அப்பாவும், கடன் வாங்கியாவது தன் பிள்ளையை இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றிவிடத்தான் ஆசைப்படுகிறார். தப்பா? இல்லவே இல்லை. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை வைத்து யாரும் கொள்கைப் பரீட்சை நடத்த முடியாது.

ஆனால், ஒரு பாங்க்கை நினைத்துப் பாருங்கள். ‘திவாலாகப் போகுதாம்’ என்று வதந்தி. நீங்கள் ஓடிப்போய் டெபாசிட்டை எடுக்கிறீர்கள். புத்திசாலித்தனம்தான். எல்லோரும் அதே புத்திசாலித்தனத்தைக் காட்டினால், நன்றாக இருந்த பாங்க்கும் படுத்துவிடும். யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால், தப்பு நடந்துவிட்டது!

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார். ‘பணி நிரவல்’ என்று வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ‘நல்ல வாத்தியார் போயிட்டாரே’ என்று இன்னும் நாலு பேர் டி.சி. வாங்குவார்கள். கடைசிவரை மிஞ்சுவது யார்? வேறு போக்கிடம் இல்லாத வீட்டுப் பிள்ளை.

2011-ல் ஈரோடு கலெக்டர் ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். பெரிய செய்தியானது. ஒரு அப்பா மகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பதே செய்தி என்றால், நம் நிலைமை புரிகிறது அல்லவா? கலெக்டர் மகள் படிக்கிற பள்ளியில் குழாய் ரிப்பேரானால் அன்றைக்கே ஆள் வருவார். ஆகவே, நாம் பிள்ளையை எடுக்கும்போது பள்ளி இழப்பது ஒரு மாணவரை மட்டுமல்ல. தட்டிக் கேட்கத் தெரிந்த ஒரு அப்பாவை, ஒரு அம்மாவை.

பிள்ளையை நீங்கள் எங்கு வேண்டுமானாலும் சேருங்கள். கேட்கிற வாயையும் கூடவே கூட்டிப் போக வேண்டுமா? உங்கள் வரிப்பணம் இன்னும் அந்தப் பள்ளியில்தானே இருக்கிறது? ‘எட்டாவது பையனுக்கு ஏன் எழுத்துக்கூட்டிப் படிக்க வரலே?’ என்று கிராம சபையிலோ, வார்டு கவுன்சிலரிடமோ கேளுங்கள்.

‘என் பிள்ளை அங்கே இல்லையே, நான் ஏன் கேட்கணும்?’ என்கிறீர்களா? இதே மாவட்டத்தில் பிறந்து, ஆறாவதோடு படிப்பை நிறுத்திய காமராஜர், முதல்வரான பிறகு 1956-ல் மதிய உணவு போட்டாரே, பள்ளியில் சேர்க்க அவருக்குப் பிள்ளையே கிடையாது.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்னவர்கள் நம் பாட்டிமார்கள். ஊட்டக்கூட வேண்டாம். விசாரிக்கவாவது செய்யலாமே!