முதற் செவி

ஒரு மனிதனைப் பற்றியோ ஒரு கலைப்படைப்பைப் பற்றியோ நாம் கொள்ளும் முதல் அபிப்பிராயத்துக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்? காதில் விழுந்த மாத்திரத்தில் தீர்ப்புக் கூறிவிடுவது நியாயமாகுமா? தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றவர்க்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் கேள்வியாகும். இதனை நமக்கு மறுபடியும் உணர்த்தியது ஓர் அமெரிக்கப் பாட்டுத் தொகுதி என்றால் வாசகர் வியப்படையலாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலின் பின்புறத்தில் வாலிபர் சிலர் ஆங்கில ராப் பாட்டொன்றைப் போட்டுக் குடித்துக் கூத்தாடிக் கொண்டிருந்தனர். ‘குடி, இன்னும் குடி’ என்று ஏவுவது போலவே அதன் பல்லவி நம் காதில் விழுந்தது. கள்ளுக்கடையால் நம்மவர் குடும்பங்கள் கெட்ட வரலாற்றையும், கள்ளுக்கடை ஒழிந்த இடத்தில் சம்சு வந்து புகுந்த கொடுமையையும் அறிந்தவர் நாம். ஆகவே மனம் கொதித்து, இத்தகைய பாட்டே சமூகத்துக்கு நஞ்சு என்று கடிந்துரைத்தோம். அப்பொழுது செம்பனைக் குலை வெட்டும் இளைஞரொருவர், அவர் கையில் மட்டும் குவளை இல்லை, பணிவுடன் வினவினார்: “ஐயா, நீங்கள் கேட்டது ஒரு பாட்டு. தொகுதி முழுவதையும் கேட்டதுண்டா?” ஆங்கிலத்திலேயே கல்வி கற்ற நமக்கு ஆங்கிலப் பாட்டின் பொருளை இவர் கற்பிப்பதா என்ற செருக்கு எழுந்தது. எனினும் அன்றிரவே கேட்டோம்.

அது கெண்ட்ரிக் லாமார் என்னும் கறுப்பினக் கலைஞர், தமது இருபத்தைந்தாம் வயதில், 2012 அக்டோபரில் வெளியிட்ட ‘குட் கிட், மேட் சிட்டி’ என்னும் தொகுதி. நல்ல பிள்ளை, வெறிகொண்ட நகரம் என்று தமிழில் சொல்லலாம். உலகுக்கு அது பழையதாயினும் நம் செவிக்குப் புதியது. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழை இளைஞரிடையே பிறந்த ஹிப்ஹாப் கலை நம்மவர்க்கும் அன்னியமன்று. யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ 2006இல் இந்நாட்டிலிருந்தே வெளிவந்தது.

லாமாரின் தொகுதியில் பன்னிரண்டு பாட்டுகள். அத்தனையும் ஒரே கதை. கலிபோர்னியாவிலுள்ள காம்ப்டன் என்னும் ஊரில் ஓர் இளைஞன் தாயின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணைக் காணப் போகிறான். வண்டி வரவில்லையே என்று தாய் தொலைபேசியில் சலித்துக் கொள்கிறாள். அவன் தோழர்களோடு திருடுகிறான். தெருக் கும்பலிடம் அடிபடுகிறான். அதன் பின்னரே நாம் வைத அந்தக் குடிப்பாட்டு வருகிறது. போத்தலுக்குள்ளேயே வாழ்நாளைக் கழித்த மூத்தோரிடையே வளர்ந்ததை அவன் முதலில் சொல்லுகிறான். இன்னும் ஊற்று என்று தோழர் நெருக்குகின்றனர். நடுவில் அவனது மனச்சாட்சியே வேறொரு குரலில் எழுந்து, இந்த விஷத்தில் மூழ்கி மாளாதே என்று எச்சரிக்கிறது. பாட்டு முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கிறது. தோழனொருவன் செத்து விழுகிறான்.

பல்லவியைக் கேட்ட நாம் இவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை.

இன்னொன்று கூறுவோம். தொகுதி ஒரு பிரார்த்தனையோடு தொடங்குகிறது. சில இளங்குரல்கள் பாவமன்னிப்பை வேண்டுகின்றன. பக்தி வேடம் என்றே முதலில் எண்ணினோம். பத்தாம் பாட்டின் இறுதியில், தோழனை இழந்து பழிவாங்கத் துடிக்கும் அவ்விளைஞரை ஒரு மூதாட்டி நிறுத்தி, நீங்கள் தாகத்தால் சாகிறீர்கள், உங்களுக்கு வேண்டியது தூய நீர் என்று சொல்லி அதே பிரார்த்தனையைச் சொல்லிக் கொடுக்கிறாள். முதலில் கேட்டதன் பொருள் பத்தாவதில்தான் விளங்குகிறது. முதற் செவியை நம்பாதே என்று அப்படைப்பே நமக்குக் கூறுவது போலிருந்தது.

நிற்க. இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். “கேட்பவரெல்லாம் பன்னிரண்டையும் கேட்பரோ? பல்லவி இனிக்க, எச்சரிக்கை மறைந்திருந்தால், குற்றம் பாடினவனுடையதன்றோ?” என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. அந்தக் குடிப்பாட்டு, தொகுதிக்குச் சில மாதங்கள் முன்னரே தனியாக விற்கப்பட்டது. கொண்டாட்டப் பாட்டாகவே எங்கும் ஒலித்தது. நம் பந்தலில் ஆடிய வாலிபர்க்கும் அது அழைப்பாகவே பட்டது. இப்பழியில் பாடகருக்கும் பங்குண்டு. இழிசொற்களும் அதில் மிகுதி. வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கேட்கத் தக்கதன்று. 2018இல் மற்றொரு தொகுதிக்காக இவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததைச் சொல்லி வாய் மூடச் செய்யவும் நாம் விரும்பவில்லை. பெரியோர் சொன்னார் என்பதால் ஒன்று மெய்யாகிவிடாது.

ஆனால் அப்பத்தாம் பாட்டிலேயே பாடகர் செய்திருக்கும் ஒரு காரியம் நம்மைத் தூங்கவிடவில்லை. 2011இல் வெளிவந்த தமது முந்திய தொகுதியில், உடலை விற்றுப் பிழைத்துக் கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றி அவர் இரக்கத்தோடு பாடியிருந்தார். இத்தொகுதியில் அப்பெண்ணின் தங்கையின் குரலை எழுப்புகிறார். ‘என் அக்காளைப் பற்றிப் பாட உனக்கு அதிகாரம் தந்தவர் யார்? எங்கள் வாழ்வை நீ என்ன அறிவாய்?’ என்பதே அவள் கேள்வி. நான் மங்கி மறைய மாட்டேன் என்று அவள் அடித்துச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே அக்குரல் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைகிறது. தாம் இரங்கிப் பாடியதும் அரைகுறையாகக் கேட்டுக் கூறிய தீர்ப்பே என்று பாடகர் தம்மையே கூண்டில் நிறுத்திக் கொள்கிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மறுமொழி கூற இடங்கொடுப்பதே நீதி. அவர் அந்த இடத்தைத் தமது பாட்டுக்குள்ளேயே கொடுத்தார்.

நாம் கொடுத்தோமா? ஒரு திங்கட்கிழமைக் காலை, பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது தொழிலாளி ஒருவர் வரவில்லை. “ஞாயிற்றுக்கிழமை குடித்த குடி தெளிந்திராது” என்றார் மண்டோர். அப்படியே நம்பினோம்; காரணம் வினவிய மானேஜரிடம் அப்படியே சொன்னோம். அன்று மாலைக்குள் அலுவலகம் முழுவதும் அவர் குடிகாரர் ஆனார். இரண்டு நாள் கழித்து வந்தவர், தாயாரை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு இரவெல்லாம் வெளியே விசுப்பலகையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர் என்பதைப் பிறகே அறிந்தோம். மானேஜரிடம் போய்த் திருத்திச் சொன்னோம். ஆனால் முதற்சொல் போன இடமெல்லாம் திருத்தம் போகவில்லை. இன்றும் அவரைக் கண்டால் நம் தலை தாழ்கிறது.

செக்ரோலில் வந்தார், வரவில்லை என்பதற்கே குறி உண்டு. ஏன் என்று எழுத இடமில்லை. புத்தகத்தில் இடமில்லை என்பதற்காக மனத்திலும் இடமில்லாமற் போகலாமா? உலகில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் முழுவதும் கேட்க ஒருவருக்கும் ஆயுள் போதாது, மெய்தான். கேட்க நேரமில்லை என்றால் பேசாதிருக்கலாமே! பழி கூற விரும்புகிறவருக்கு மட்டுமே முழுவதும் கேட்கும் கடன் உண்டு. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதை மேடைதோறும் முழங்கிய நாம் பின்னதை மறந்துவிட்டோம்.

அந்தக் குலை வெட்டும் இளைஞரை மறுநாள் கண்டு, நாம் கூறியது பிழை என்று ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, “இன்னொரு முறை கேளுங்கள் ஐயா, முதல் முறை பிடிபடாதது இன்னும் உண்டு” என்றார். கேட்டுக் கொண்டிருக்கிறோம்.