முகம் ஒத்தால் ஆள் ஒன்றா?

முன்பு பார்த்த ஒருவரை மறுபடி பார்க்கும்போது "அவரே இவர்" என்று மனம் சொல்கிறது. அந்த அறிவு எங்கிருந்து பிறக்கிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பது இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் நீடித்த வழக்கு. இன்று அதே வாக்கியத்தைக் கணினியும் சொல்கிறது, அல்லது சொல்வதாக நம்பப்படுகிறது. விமான நிலைய வாயில், ஓய்வூதியரின் கைபேசி, மருத்துவமனை, காவல் நிலையம் எனப் பல இடங்களில் முக அடையாளத் தொழில்நுட்பம் வேலை செய்கிறது. பழைய வழக்கை ஒதுக்கிவிட்டு இந்தத் தொழில்நுட்பத்தின் பயனையும் ஆபத்தையும் எடைபோட முடியாது.

மீண்டும் அறியும் இந்த அறிவுக்கு நியாய மரபினர் இட்ட பெயர் பிரத்யபிஜ்ஞை. "அந்தத் தேவதத்தனே இவன்" என்பது தருக்க நூல்களில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம். கண்முன் நிற்பவனைப் புலன் காட்டுகிறது, முன்பு கண்டவனை நினைவு தருகிறது, இரண்டும் சேர்ந்து ஒரே அறிவாக எழுகின்றன. அப்படி எழ வேண்டுமானால் அன்றும் இன்றும் ஒரே பொருள் நிலைத்திருக்க வேண்டும், பார்த்தவனும் ஒருவனாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

பௌத்தர் இதை ஒப்பவில்லை. கணந்தோறும் எல்லாம் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது என்ற கணபங்கக் கொள்கை அவர்களுடையது. வெட்டியபின் வளர்ந்த நகத்தை "அதே நகம்" என்கிறோம். விளக்கின் சுடர் நொடிக்கு நொடி வேறாக இருந்தும், மாலையில் ஏற்றிய சுடரே இரவிலும் எரிகிறது என்கிறோம். அங்கே இருப்பது ஒப்புமை மட்டுமே. ஒருமை என்பது மனம் அதன்மேல் ஏற்றிச் சொல்வது. இதற்குச் சங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் கூர்மையான மறுப்பொன்று வைத்தார். வெளிப்பொருள்களைப் பற்றி "அதுவா, அதைப் போன்ற வேறொன்றா" என்ற ஐயம் எழலாம். "நேற்றுக் கண்டவன் நானா, என்னைப் போன்ற வேறொருவனா" என்ற ஐயம் தன்னைப் பற்றி யாருக்கும் எழுவதில்லை.

ஆன்மா உண்டா இல்லையா என்ற பெரிய கேள்வியில் எந்தப் பக்கம் நின்றாலும், இயந்திரம் முகத்தை அறிவது பற்றிப் பௌத்தர் சொன்னதே செல்லும். அதன் கையில் இருப்பது ஒப்புமை ஒன்றே. அதைப் புரிந்துகொள்ள வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

படத்தில் முகம் எங்கே என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்சும் 2001இல் வெளியிட்ட முறை இதை மிக வேகமாகச் செய்தது. சாதாரணக் கேமராத் திரையிலும் முகத்தைச் சுற்றிச் சதுரம் விழத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்த முகம் அசையும்போது கண், மூக்கு, வாய் இருக்குமிடங்களை விடாமல் தொடர்வது அடுத்த வேலை. முகம் யாருடையது என்று சொல்வது இவ்விரண்டிலிருந்தும் வேறானது. 1960களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் உட்ரோ பிளெட்சோ இதைத் தொடங்கியபோது, கண்ணின் ஓரம், வாயின் அகலம் போன்ற புள்ளிகளை மனிதர் ஒருவர் புகைப்படத்தில் கையால் குறித்துத் தர வேண்டியிருந்தது. கணினி தூரங்களை மட்டும் ஒப்பிட்டது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டக்கேயோ கனாடே 1973இல் அளித்த முனைவர் ஆய்வேடு, குறிக்கும் வேலையையும் கணினியிடமே ஒப்படைத்தது. 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகம் 128 எண்களாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே ஆளின் இரு படங்கள் தரும் எண்கள் அருகருகேயும், வெவ்வேறு ஆட்களின் எண்கள் தள்ளியும் விழும்படி கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு அதைப் பழக்கினார்கள்.

இரண்டு எண்தொகுதிகளுக்கு இடையிலுள்ள தூரம்தான் கணக்கு தரும் விடை. "ஆம்", "இல்லை" என்ற சொற்கள் அதில் இல்லை. இவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒரே ஆள் என்று கொள்வோம் என யாரோ ஒருவர் வரம்பு வைக்கிறார். வரம்பை இறுக்கினால் உரியவரே வெளியே நிற்க நேரும். தளர்த்தினால் அந்நியர் உள்ளே வருவார். ஒப்புமை ஒருமையாக மாறும் இடம் இந்த வரம்பு. அதை மனிதர்தான் வைக்கிறார்.

ஒருவர் தாமே முன்வந்து "நான் இன்னார்" என்று சொல்ல, அதைச் சரிபார்க்கும் பயன்பாடுகளில் இந்த மாற்றம் பெரும்பாலும் தீங்கற்றது. ஆப்பிள் கைபேசிகளில் 2017இல் வந்த ஃபேஸ் ஐடி, 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மேல் வீசி அதன் மேடுபள்ளங்களை அளக்கிறது. யாரோ ஓர் அந்நியரின் முகத்துக்குக் கைபேசி திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது ஆப்பிள். இரட்டையருக்கும் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வாய்ப்பு இதைவிடக் கூடுதல் என்பதையும் அதே நிறுவனம் ஒப்புக்கொள்கிறது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாராணசி விமான நிலையங்களில் தொடங்கிய, பயணி முகம் காட்டி உள்ளே செல்லும் டிஜி யாத்ராவும் இதே வகை.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 2021 நவம்பரில் வந்த முகவழிச் சரிபார்ப்பு இவ்வகையில் மிக நல்ல உதாரணம். உயிரோடு இருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று தந்தால்தான் ஓய்வூதியம் தொடரும். வயதான விரல்களில் ரேகை தேய்ந்து, கருவி ஏற்க மறுத்து, வங்கிக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்கள் பலர். இப்போது வீட்டுத் திண்ணையிலேயே பேரனோ மகளோ கைபேசியை நீட்டிப் பிடிக்க, திரையிலுள்ள வட்டத்துக்குள் முதியவர் முகத்தை வைக்கிறார், கண் சிமிட்டச் சொல்கிறது செயலி, அவர் சிமிட்டுகிறார், உயிர்வாழ் சான்றிதழ் பதிவாகிவிடுகிறது. கண் சிமிட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சிட்ட புகைப்படத்தைக் கேமரா முன் காட்டி ஏமாற்றுவது எளிது. படத்துக்கு இமை அசையாது. நளன் கதையிலும் இதே சிக்கல் வருகிறது. சுயம்வர மண்டபத்தில் நளனின் உருவிலேயே தேவர்கள் வந்து நின்றபோது, முகங்களை ஒப்பிட்டுப் பயனில்லை என்று கண்ட தமயந்தி, எவன் கண் இமைக்கிறது, எவன் மாலை வாடுகிறது, எவன் கால் நிலத்தில் பாவுகிறது என்று பார்த்தாள். முகம் மட்டும் போதாது என்பதைக் கதை சொன்னவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

இங்கே கருவி தவறினாலும் கேடு சிறிது. ஏற்கவில்லையென்றால் கடவுச்சொல் இருக்கிறது, வங்கி மேலாளர் இருக்கிறார், அடையாள அட்டை இருக்கிறது. அந்த மாற்று வழிகளை அடைத்துவிட்டு முகம் ஒன்றையே சாவியாக்கும் அலுவலகம் இந்த நன்மையையும் கெடுத்துவிடும்.

காவல்துறையின் முகத்தேடல் முற்றிலும் வேறு. அங்கே யாரும் "நான் இன்னார்" என்று முன்வருவதில்லை. கண்காணிப்புக் கேமராவில் பதிந்த மங்கலான முகமொன்றை லட்சக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு, மிக ஒத்ததைக் கணினி மேலே எடுத்து வைக்கிறது. உண்மையான ஆள் அந்தத் தொகுப்பில் இல்லாவிட்டாலும் ஒத்தவர் யாராவது கிடைப்பார். 10,000 ஒப்பீட்டுக்கு ஒருமுறை மட்டுமே தவறும் கருவி என்று வைத்துக்கொண்டாலும், 10 லட்சம் படங்களில் தேடினால் குற்றத்தோடு தொடர்பே இல்லாத 100 பேர் பொருந்தி வருவார்கள். தவறும் எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை. ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிகக் கருவிகளைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடுவரை போனது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்தது இதற்குச் சான்று. 2018இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயின. கேமராப் படத்தை வைத்துத் தேடியபோது, ஒரு கறுப்பினத்தவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படம் பொருந்தியது. திருட்டை நேரில் பார்க்காத, பதிவை மட்டும் பார்த்த ஒருவரிடம் ஆறு படங்களைக் காட்ட, அவரும் அதையே சுட்டினார். 2020 ஜனவரியில் அந்த மனிதரைச் சொந்த வீட்டு வாசலில், மனைவியும் சிறு பெண்களும் பார்த்திருக்கக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோய், ஏறத்தாழ 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். விசாரணை அறையில் கேமராப் படத்தை எடுத்துத் தம் முகத்தருகே பிடித்து, இது நானில்லை என்றார் அவர். சங்கரர் சொன்ன வேறுபாடு இந்த அறையில் உயிரோடு நிற்கிறது. அங்கிருந்தவர்களில் ஐயத்துக்கு இடமின்றி விடை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குற்றவாளியும் இதே சொல்லைத்தான் சொல்வான் என்பது உண்மையே. அதனால்தான் சொல்லையும் ஒப்புமையையும் தாண்டிய மூன்றாவது சான்று தேவைப்படுகிறது. திருட்டு நடந்த அன்று அவர் எங்கே இருந்தார் என்றுகூட யாரும் விசாரித்திருக்கவில்லை.

தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இதே பிழையை ஒரு கொலையாகக் காட்டுகிறது. மணிமேகலை காயசண்டிகையின் உருவம் எடுத்திருக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அந்த முகத்தைக் கண்டு தன் மனைவி என்றே கொள்கிறான். அவள் தன்னைப் பொருட்படுத்தாமல் இளவரசன் உதயகுமரனிடம் பேசுவதைக் கண்டு கொதித்து, அவனை வாளால் வெட்டுகிறான். அவள் பேசிக்கொண்டிருந்ததோ முகத்தின் நிலையாமை பற்றி. அருகிலிருந்த ஒரு மூதாட்டியைக் காட்டி, கரிய கூந்தலும் நெற்றியும் கண்ணும் முதுமையில் என்னவாயின என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காஞ்சனனின் கண்ணில் கோளாறு இல்லை. உருவம் முழுமையாகப் பொருந்தியது. பொருத்தத்தையே ஆளாக எடுத்துக்கொண்டதுதான் கேடு. அதே காப்பியத்தில் வஞ்சி மாநகரின் அளவைவாதி அறிவின் பிழைகளை எட்டாக வகுக்கிறான். நிற்பது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமலே கட்டையை மனிதன் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். டெட்ராய்ட் காவலர்களின் பிழைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

மருத்துவம் இதே ஒப்புமையை ஒழுங்காகக் கையாள்கிறது. பிறவி மரபணுக் கோளாறுகள் சில முகத்தில் சாயல் விடும். 17,000க்கும் மேற்பட்ட படங்களில் பழகிய டீப்கெஸ்டால்ட் என்ற முறை, 91 விழுக்காடு நேர்வுகளில் சரியான கோளாறைத் தன் முதல் பத்து ஊகங்களுக்குள் சொன்னதாக 2019இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஆய்வு வந்தது. பத்து ஊகங்களும் மரபணுப் பரிசோதனைக்கு வழிகாட்டுகின்றன. நோய் இதுதான் என்று சொல்வது பரிசோதனை. எந்த மருத்துவரும் முகச்சாயலை மட்டும் வைத்துக் குழந்தையின் கோப்பில் நோயின் பெயரை எழுதிவிடுவதில்லை.

முகத்தைத் தொடர மட்டும் செய்து, ஆள் யாரென்று கேட்காத பயன்பாடுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநரின் அயர்வைக் கண்டு எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயம். இமை தாழ்வதையும் தலை சரிவதையும் கேமராவால் கவனிப்பது அதற்கு ஒரு வழி. 2009இல் வந்த 'அவதார்' படத்தில் நடிகரின் தலையில் பொருத்திய சிறு கேமரா, அவர் முகத்தசை அசைவுகளை நீலநிறப் பாத்திரத்துக்குக் கொண்டுசென்றது. இவற்றில் குறை காண அதிகமில்லை.

அசைவைத் தொடர்வதிலிருந்து மனத்தைப் படிப்பதற்குத் தாவும்போது நிலைமை மாறுகிறது. நேர்காணலுக்கு வந்தவர் ஆர்வமாக இருக்கிறாரா, வகுப்பில் மாணவர் கவனிக்கிறாரா, வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சியா என்று முகத்தசையை வைத்துச் சொல்வதாகக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரம் நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்கிறது. நட்பு அதிகாரமோ முகம் மலர்வதை மட்டும் வைத்து நட்பென்று கொள்ளாதே என்கிறது. இரண்டும் உண்மை. அருகிருந்து பழகியவருக்குக் குறிப்பறிதல் கைகூடும், ஏனென்றால் அவருக்கு இடமும் ஆளும் நடந்ததும் தெரியும். உதடு மேலே வளைந்தது என்பதற்கு அப்பால் ஒன்றும் தெரியாத கருவிக்கு அது கைகூடாது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, முக அசைவை மட்டும் கொண்டு உணர்ச்சியை நம்பகமாக ஊகிக்க முடியாது என்று முடிவு சொன்னது. முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் சேவையை விலக்கிக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் 2022இல் அறிவித்தது. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் இத்தகைய கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தடை சரியானது.

ஆகவே எந்தத் துறையிலும் கேட்க வேண்டிய கேள்வி கருவி எத்தனை விழுக்காடு துல்லியம் என்பதோடு நிற்கக் கூடாது. வரம்பை வைத்தவர் யார், ஒப்புமையை ஒருமை என்று எழுதிக் கையொப்பமிடுபவர் யார், தவறினால் இழப்பு யாருக்கு என்றும் கேட்க வேண்டும். 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதிலில், 80 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தால் பொருத்தம் என்று கொள்வதாக டெல்லி காவல்துறை சொன்னது. அந்த 80 எந்தத் தருக்கத்திலிருந்தும் தானாக விளைந்ததில்லை. அது ஒரு முடிவு, முடிவெடுத்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

டெட்ராய்ட் நகரம் 2024இல் அந்த மனிதருக்கு 3 லட்சம் டாலர் இழப்பீடு தந்து, முகத்தேடலின் விடையை மட்டும் வைத்து இனி யாரையும் கைது செய்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியாவில் காவல்துறையின் முகத்தேடலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் தருகிறது. முகம் ஒத்தது என்பதற்காக மட்டும் ஒருவரைக் கைது செய்யக் கூடாது என்ற ஒற்றை விதியையாவது நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.