சுமை இறங்கும் இடம்

உற்சவ காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர் பலருடைய உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. ‘இச்சில நாட்களைப் போல ஆண்டு முழுவதும் கவலையற்று இருக்கலாகாதா? உழைப்பைக் குறைத்து, நம் பொழுதை நாமே ஆளும்படி வாழ்வை அமைத்துக்கொள்ளலாகாதா?’ இவ்வினாவைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது முறையன்று. ஆயின், ஒருவர் குறைத்துக்கொண்ட உழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் உடன் ஆராய வேண்டும்.

காவிரியின் கடைமடையாகிய திருத்துறைப்பூண்டிச் சீமையிலேயே இதற்குச் சான்று உண்டு. முற்காலத்தில் திண்ணையில் சாய்ந்து வெற்றிலை மடித்தபடி பொழுது போக்கிய மிராசுதாரைச் சுதந்திரர் என்று ஊரார் எண்ணினர். அவ்வோய்வுக்கு ஈடாகச் சேற்றில் நின்றவர் பண்ணையாள். அவருக்குத் தமது பொழுது என்று ஒன்றில்லை. 1952-ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாவுக்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்த பின்னரே, அவரை நினைத்தபோது நீக்கலாகாது என்ற விதி உண்டாயிற்று. மிராசுதார் இறக்கிய சுமை மறையவில்லை. மற்றொருவர் தலைக்கு மாறியது. நடவுக்கு ஆள் வாராத நாளில் தவித்தமையால், அந்த மிராசுதாரும் பராதீனரே!

இதற்கு மாறானதொரு வழியைக் காட்டியவர், 1268-இல் காஞ்சி தூப்புலில் அவதரித்த ஸ்ரீ வேதாந்த தேசிகர். விஜயநகர அரசவைக்கு வருமாறு வித்யாரண்யர் அழைத்தபோது அதனை மறுத்து, வைராக்ய பஞ்சகத்தை அவர் அருளினார் என்பது ஸம்ப்ரதாயம். அவருடைய ஜீவனம் உஞ்சவிருத்தி. ‘அதுவும் பிறர் உழைப்பில் உண்பதன்றோ?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. அவர் ஏற்றது அன்றன்றைக்கு வேண்டிய அரிசி மட்டுமே. உலகுக்கு அளித்ததோ நூற்றுக்கு மேற்பட்ட கிரந்தங்கள். தேவையைக் குறைத்தாரேயன்றித் தம் சுமையைப் பிறர்மேல் ஏற்றினாரல்லர்.

இல்லறத்தார் அனைவரும் உஞ்சவிருத்தி கொள்ள இயலாது. அவர்களுக்கும் வழியுண்டு. ஜப்பான் தேசத்து மசானொபு புகுவோகா 1938-இல் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து கிராமம் திரும்பினார். பயிர்த்தொழிலில் இன்னும் எதைச் செய்யலாம் என்று கேளாமல், எதைச் செய்யாது விடலாம் என்று கேட்டார். உழவையும் இரசாயன உரத்தையும் விட்டும் நெல் விளைவித்த அனுபவத்தை 1975-இல் நூலாக்கினார். தஞ்சை மண்ணில் பிறந்து 2013-இல் மறைந்த கோ. நம்மாழ்வாரும், விலைக்கு வாங்கும் உரத்தையும் மருந்தையும் விடுமாறு உழவரிடம் ஊர்தோறும் வற்புறுத்தினார். செலவு குறையின் கடன் குறையும்; கடன் குறையின், வட்டிக்காக உழைக்கும் நாட்களும் குறையும். இங்கே சுமை எவர் தலைக்கும் மாறவில்லை, சுமையே சிறிதாகிறது.

வீட்டிலும் இவ்வளவுகோலைப் பிடித்துப் பார்த்தல் நலம். உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற கணவர் ஸத்விஷயம் கேட்கச் செல்கிறார். மனைவிக்கு அடுக்களையிலிருந்து ஓய்வு எந்த ஆண்டில்? அவர் அடைந்த சுதந்திரத்தின் விலையை அந்த அம்மையார் கொடுத்துக்கொண்டிருக்கிறார். குடத்து நீரை அவரும் ஒருமுறை தூக்கினால், இருவருமே பெருமாள் ஸந்நிதியில் சிறிது நேரம் நிற்கலாம்.

ஆகவே, குறைந்த உழைப்பை நாடுதல் குற்றமன்று. தேவையைச் சுருக்கிப் பெற்ற ஓய்வு தர்மம். பிறர் தோளில் ஏற்றிப் பெற்ற ஓய்வு கடன். உற்சவம் ஸேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், தமது ஓய்வு இவ்விரண்டில் எது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக. அவ்வெண்ணமும் எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கரியமேயாம்.