காடு காக்கும் செலவு யார் தலையில்?

2020 ஜூன் மாதத்தில் உகாண்டாவின் பிவிண்டிக் காட்டில் ரஃபிக்கி என்ற ஆண் கொரில்லா ஈட்டிக் காயத்தோடு இறந்து கிடந்தது. 17 கொரில்லாக்கள் கொண்ட கூட்டத்துக்கு அதுதான் தலைவன். பிடிபட்டவர் சிறு விலங்குகளை வேட்டையாடவே காட்டுக்குள் போனதாகவும், கொரில்லா பாய்ந்து வந்ததால் உயிருக்கு அஞ்சிக் குத்தியதாகவும் சொன்னார். நீதிமன்றம் 11 ஆண்டுச் சிறை விதித்தது. அருகிவரும் உயிரைக் கொன்றவர் தண்டனை பெறுவது நியாயம்தான். ஆனால், வேட்டை குற்றமென்று நன்றாகத் தெரிந்த ஒருவர் ஈட்டியோடு ஏன் காட்டுக்குள் நுழைந்தார்? தீர்ப்பு எழுதியதோடு அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

பிவிண்டி பெரிய காடு அல்ல. ஏறத்தாழ 320 சதுர கிலோமீட்டர். உலகிலுள்ள மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துக்குச் சற்று மேல். அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இங்கே வாழ்கின்றன. 2019 இறுதியில் வெளியான கணக்கெடுப்பு 459 என்றது. காட்டின் விளிம்பு வரை வயல்கள். வயல்களை ஒட்டி வீடுகள். 1991இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதுவரை விறகுக்கும் தேனுக்கும் மருந்துக்கும் கறிக்கும் போய்வந்த காட்டில் கால் வைப்பதே குற்றமாயிற்று. ஊரார் கொதித்துப்போனார்கள். தொடக்க ஆண்டுகளில் காட்டில் தீப்பிடித்தபோது அணைக்க வர மறுத்தவர்கள் உண்டு. பிறகு நிர்வாகம் சற்று இறங்கிவந்தது. தேன் கூடு வைக்கவும், மூலிகையும் கூடை முடையும் கொடியும் எடுக்கவும் சில பகுதிகள் திறந்துவிடப்பட்டன. வேட்டைக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

வேட்டையாடுவது ஏன் என்றால் எல்லோரும் சட்டென்று சொல்லும் விடை வறுமை. அது பொய்யில்லை. பிவிண்டியைச் சுற்றி ஆய்வு நடத்தியவர்கள் 2014இல் வெளியிட்ட அறிக்கையும், திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் போகிறவர்கள் மற்றவர்களைவிட ஏழைகள், காட்டு விளிம்பை ஒட்டி இருப்பவர்கள், சந்தைக்கும் சாலைக்கும் தொலைவில் இருப்பவர்கள் என்றே காட்டியது. அறிக்கையின் கனமான பகுதி அதற்கு அப்பால் வருகிறது. பசியோடு மனக்குமுறலும் அவர்களைக் காட்டுக்குள் அனுப்புகிறது.

குமுறலுக்குக் காரணம் வயலில் இருக்கிறது. இரவில் காட்டுப்பன்றிகள் வரும், பகலில் பபூன் குரங்குகள் வரும். விளைச்சல் கைக்கு வரும் மாதங்களில் குடும்பம் முறைபோட்டுக் காவல் இருக்கவேண்டும். அந்த முறையில் பிள்ளைகளும் உண்டு, அவர்களின் பள்ளிக்கூட நாட்களும் அதில் போகும். அழிந்த பயிருக்கு நெடுங்காலம் இழப்பீடு கிடையாது. தன் மக்காச்சோளத்தைத் தின்று கொழுத்த பன்றியைத் தான் பிடித்தால் திருட்டு. பன்றி தின்றதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை. இந்த நிலையில் உள்ளவரிடம் இயற்கையின் அருமையைப் பற்றிப் பாடம் நடத்துவது அநாகரிகம்.

காட்டால் வரும் பணமோ வேறு வழியில் போகிறது. கொரில்லா பார்க்க வெளிநாட்டவர் ஒருவருக்கு அனுமதிச் சீட்டு 600 டாலராக இருந்தபோது, அதிலிருந்து ஊருக்கென ஒதுக்கப்பட்டது 5 டாலர். பலர் வாதாடிய பின் 10 டாலர் ஆனது. அப்போதும் நூற்றுக்கு இரண்டு தேறவில்லை. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஊருக்கு என்று சட்டம் சொல்கிறது. கொரில்லாச் சீட்டுத் தொகையின் பெரும்பகுதி அந்தக் கணக்கிலேயே சேராது. வந்த சிறு தொகையும் ஆடாகவும் மரக்கன்றாகவும் மாறும்போது, கூட்டத்தில் பேசத் தெரிந்தவர்களுக்கும் சாலையோரத்தாருக்கும் முதலில் போய்ச் சேர்ந்தது. விளிம்பில் இருப்பவருக்குப் பன்றி மட்டும் மிஞ்சியது. ஊருக்கு உதவி செய்தும் வேட்டை குறையவில்லையே என்று அதிகாரிகள் வியந்ததில் பொருளில்லை. உதவி பெற்ற குடும்பம் ஒன்று, கண்ணி வைத்த குடும்பம் இன்னொன்று.

அப்படியானால் கண்ணி வைப்பது நியாயமாகிவிடுமா? ஆகாது. இதில் வழுக்கிவிடக் கூடாது. கண்ணி டைக்கர் என்னும் சிறு மானுக்காகவும் பன்றிக்காகவும் வைக்கப்படுகிறது. ஆனால் கம்பிச் சுருக்குக்கு ஆள் தெரியாது; கொரில்லாக் குட்டியின் கையும் அதில் மாட்டும். கம்பி இறுகிக் கை அழுகி, சில விலங்குகள் ஊனத்தோடு வாழ்கின்றன, சில செத்துப்போகின்றன. பூங்கா எல்லையை வகுத்தது அந்த விலங்கு அல்ல. சீட்டுப் பணத்தைப் பங்கிட்டதும் அது அல்ல. மனிதர் மனிதருக்குச் செய்த அநீதிக்கு வாயில்லாத உயிர் விலை கொடுக்கக் கூடாது. மேலும், வீட்டுச் சட்டிக்காக ஒரு மானைப் பிடிப்பவரையும், கறியைக் கட்டிச் சந்தைக்கு அனுப்பும் வியாபாரியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வியாபாரியின் செயலுக்குக் குமுறல் ஒரு சாக்கு மட்டுமே.

ஆனால் செயல் தவறு என்று சொல்வது ஒன்று, தண்டிக்கும் தகுதி தண்டிப்பவருக்கு முழுமையாக உண்டு என்று சொல்வது வேறொன்று. கொரில்லா பிழைப்பதால் மகிழ்வது உலகம். அந்நியச் செலாவணி அரசுக்கு, வருமானம் விடுதிக்காரருக்கு, பெருமை எல்லோருக்கும். இழப்பு மட்டும் காட்டோரக் குடும்பத்துக்கு. ஒரு பொது நன்மையின் சுமையை மிக எளியவர் தோளில் ஏற்றிவைத்துவிட்டு, அவர் தடுமாறும்போது கள்வன் என்று பிடிப்பதில் பாதிக் குற்றம் ஏற்றிவைத்தவருடையது.

தடையைத் தளர்த்தினால் எல்லாம் சரியாகும் என்பாரும் உண்டு. அது நடவாத பேச்சு. 459 என்பது ஒரு சிற்றூரின் மக்கள்தொகைகூட இல்லை. அங்கே கண்ணிகள் பெருகினால் இழப்பை ஈடுகட்ட வழியில்லை. தடை நிற்கட்டும். இடம் மாறவேண்டியது செலவு. உகாண்டாவின் 2019ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், அருகிவரும் விலங்கைக் கொன்றால் ஆயுள் சிறை வரை தண்டனை விதிக்கிறது. பட்டியலிட்ட விலங்குகள் விளைவிக்கும் சேதத்துக்கு இழப்பீடும் உண்டு என்கிறது. தண்டனைப் பிரிவுக்குக் காட்டும் வேகத்தை இழப்பீட்டுப் பிரிவுக்கும் காட்டுவதுதான் நேர்மை. பயிருக்குள் வந்த கொரில்லாக்களைக் காயப்படுத்தாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் தொண்டர் குழுக்கள் பல ஆண்டுகளாக அங்கே இயங்குகின்றன, அவர்கள் ஊர்க்காரர்கள். காவல், வழிகாட்டும் வேலைகளில் முதல் உரிமை விளிம்பில் குடியிருப்பவருக்குக் கிடைக்கவேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கடன் பட்வா மக்களுக்குத் தீர்க்கப்படவேண்டியது. வேட்டையும் தேனும் கிழங்குமாகக் காட்டிலேயே வாழ்ந்த அவர்கள், பூங்கா வந்தபோது நிலமோ உரிய இழப்பீடோ இல்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்தவர் நிலத்தில் கூலிகளாகவும் குடியிருப்பவர்களாகவும் ஒரு தலைமுறை கழிந்தது. மூதாதையர் செய்த வேலையை அவர்களில் ஒருவர் இன்று செய்தால் அதற்குப் பெயர் குற்றம். வெளியேற்றியபின் அவர்களுக்கு உரிய ஈடு தரப்படவில்லை என்று உகாண்டாவின் அரசமைப்பு நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் சொன்னது. பூங்கா அறிவிக்கப்பட்டு அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிவிண்டியில் வேறு எந்தத் திட்டத்துக்கும் முன்னால் தீர்க்கப்படவேண்டிய கடன் இதுதான்.