முள்ளும் பற்றுக்கோடும்

கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், மூன்று புறம் மதிலும் ஒரு புறம் உப்புக்காற்றும் சூழ்ந்த சிறு வளவொன்றிலே, படரும் ரோசாக் கொடி ஒன்றை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எழுந்தபோது, அந்த ஆசை என்னைத் தத்துவ விசாரத்தில் கொண்டுபோய் விடும் என்று நான் எண்ணவில்லை. "தம்பி, இந்த உப்புக் காத்துக்குப் போகன்விலாவை வையுங்கோ, அது தண்ணியும் கேளாது, தாலாட்டும் கேளாது" என்று அடுத்த வீட்டு அக்கா சொன்ன புத்திமதியைக் கேளாமல், ரோசாதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நின்ற பின்னர் அடுத்த கேள்வி வந்தது: முள்ளுள்ள இனமா, முள்ளில்லாத இனமா? பேரப்பிள்ளைகள் ஓடித் திரியும் வளவுக்கு முள்ளில்லாதது கிடைக்குமாயின் முள்ளுள்ளதை விலை கொடுத்து வாங்குவானேன் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்தவுடன், அற்ப புத்தியுள்ள எனக்கே தோன்றும் இந்த யோசனை, சிருஷ்டி கர்த்தாவுக்கு ஏன் தோன்றாமற் போயிற்று என்ற சந்தேகமும் கூடவே பிறந்தது.

இந்தச் சந்தேகம் புதியதன்று. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேசில் என்னும் கிறிஸ்தவ ஆயர், ஆதியில் ரோசா முள்ளின்றியே பூத்தது என்றும், முள் பின்னரே சேர்ந்தது என்றும் தம் பிரசங்கமொன்றில் கூறினார். முள் என்பது மனிதனுடைய வீழ்ச்சியின் அடையாளம் என்பது அம்மரபின் கருத்து. நமது சைவ சித்தாந்தமோ இவ்வாறு ஒரு மாசற்ற காலையைக் கற்பிப்பதில்லை. செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் ஆணவம் அநாதியே உயிரோடு உள்ளது என்பது அதன் துணிபு. சிவபெருமானுக்கு உகந்த வில்வம் முள்மரம். அவன் சூடும் ஊமத்தையின் காயும் முட்காய். முள்ளற்ற வில்வத்தைத் தேடி எந்த அடியாரும் அலைந்ததாக நாம் அறியோம். இவ்விரு கொள்கைகளில் எதன் பக்கம் நிற்பது என்று ஏடுகளைப் புரட்டுவதற்கு முன், கொடியையே சற்றுக் கிட்ட நின்று பார்ப்பது நலம்.

முள்ளில்லாத கொடிரோசாவைத் தேடிப் போகிறவனுக்கு முதலில் எதிர்ப்படுவது பாங்க்ஸ் சீமாட்டியின் பெயரால் வழங்கும் சீன இனம். அதனை 1807இல் கன்ரன் நகரிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பியவர் கியூ தோட்டத்தைச் சேர்ந்த வில்லியம் கெர். அந்த மனிதரே 1812இல் கொழும்புக்கு வந்து, இன்று கொம்பனித்தெரு என்று நாம் சொல்லும் பகுதியில் இருந்த அரசாங்கத் தாவரத் தோட்டத்துக்கு அதிகாரியாகி, 1814இல் இத்தீவிலேயே காலமானார்; அங்குள்ள கியூ வீதி என்னும் பெயர் அந்நாளைத் தோட்டத்தை இன்றும் நினைவூட்டுகிறது. என் வீட்டிலிருந்து காலாற நடந்து சென்றடையக்கூடிய இடம் அது. ஆனால் அவர் உலகுக்குத் தந்த கொடி குளிர்ந்த நிலத்துக்கே உரியது. 1868இல் பிரான்சில் வெளிவந்த ஸெஃபிரின் த்ரூவான் என்ற முள்ளற்ற கொடிரோசாவோ, ஈரக்காற்றில் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகிவிடும். இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் அந்தப் பூஞ்சணம் வேரூன்றிவிடும் என்கிறபோது, ஆண்டுக்கு 2400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும் கொழும்பில் அதன் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும், முள்ளற்ற கொடியை முழத்துக்கு ஒரு கட்டாக நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். தானே எதையும் பிடித்துக்கொள்ள அதற்கு உறுப்பு இல்லை.

உறுப்பு என்று நான் சொன்னது அலங்காரமன்று. எலுமிச்சையின் முள்ளும் போகன்விலாவின் முள்ளும் இலைக்கக்கத்தில் எழும் கிளையின் உருமாற்றம். சப்பாத்திக் கள்ளியின் முள் இலையின் உருமாற்றம். ரோசாவின் முள்ளோ இவ்விரண்டுமன்றி, தண்டின் புறத்தோலிலிருந்து வளர்வது. பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால், உள்ளிருக்கும் கட்டைக்குச் சேதமில்லாமல், நீள்வட்டமான ஒரு தழும்பை மட்டும் விட்டு அது கழன்றுவிடும். அப்படிக் கழன்ற ஒன்றை வெள்ளைக் கடதாசியில் வைத்துப் பார்த்தேன்: அடி தோணிபோல் அகன்றும், நுனி கிளிமூக்குப்போல் வளைந்தும் இருந்தது. அந்த வளைவு கீழ்நோக்கியது. அவரைக்குச் சுற்றிப் பிடிக்கும் தண்டு உண்டு. பாகலுக்குச் சுருளும் தந்து உண்டு. வெற்றிலைக்குக் கணுதோறும் வேர் உண்டு. படரும் ரோசாவுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. அதற்கு வாய்த்த கை இந்த முள் ஒன்றே. மணிப்பூர் மலைகளில் 1882இல் ஜோர்ஜ் வாட் கண்டெடுத்த பெருரோசா, காட்டு மரங்களின் உச்சிவரை ஏறிச் சென்று வெண்பூக்களைச் சொரிவது இந்தக் கொக்கிகளின் உதவியாலேயே. கோடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் வெப்ப நாடுகளுக்கேற்ற ரோசாக்களைத் தோற்றுவிப்பதற்கு அந்த இனத்தையும் பெற்றோராகக் கொண்டார்கள். கிரிஜா அம்மையார் தத்துவ அறிஞர் இராதாகிருஷ்ணனின் பேத்தியார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

கீழ்நோக்கி வளைந்த கொக்கியின் இயல்பு யாதெனில், தண்டு மேலே செல்லும்போது அது தடுப்பதில்லை. காற்றடித்துத் தண்டு கீழே சரிய முற்படும்போதே அது பற்றுகிறது. ஏற விடும்; வழுக விடாது. தமிழில் பிடிமானத்துக்கும் ஆசைக்கும் பற்று என்ற ஒரே சொல் அமைந்திருப்பதன் பொருத்தத்தை இக்கொடியின் அடியில் நின்றபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். உயிர் தனித்து நிற்கும் வல்லமை இல்லாதது, சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று மெய்கண்டார் வழியினர் வற்புறுத்துவார்கள். பாசத்தைச் சார்ந்தால் பாசமாகவும், பதியைச் சார்ந்தால் பதியின் வண்ணமாகவும் அது விளங்கும். அங்ஙனமாயின், பற்றுகின்ற சக்தியை வேரோடு களைந்துவிடுவது சாதனையாகாது. களைந்த பின் எஞ்சுவது, பிறர் வந்து முழத்துக்கு முழம் கட்டிவிட வேண்டிய ஒரு துவண்ட கொடியே. எதைப் பற்றுவது என்பதே வினா; முள்ளின் குற்றமாக நாம் எண்ணுவது பெரும்பாலும் கொழுகொம்பின் குற்றமே.

இவ்வளவு சொன்ன பின்னும் ஓர் ஆட்சேபம் நிற்கிறது. கொடிக்கு உதவும் முள், வழியே போகும் குழந்தையின் கன்னத்தைக் கிழிக்குமாயின், அந்தக் குழந்தைக்கு அதனால் என்ன பிரயோஜனம்? இறைவன் துன்பத்தின் வாயிலாக உயிரைப் பக்குவப்படுத்துவதை மறக்கருணை என்று நம் பெரியோர் வழங்குவர். அந்தச் சொல்லை ஒருவன் தன் காயத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். பிறனுடைய காயத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு அதிகாரமில்லை. 1983 ஜூலையில் இந்நகரத்து வீதிகளில் வீடுகள் எரிந்ததைக் கண்ட தமிழர் எவரிடமும், எல்லாம் அருளே என்று சொல்ல எனக்கு நா எழாது. பிறனைக் கிழிக்கும் முள்ளைப்பற்றித் தத்துவம் பேசுவதைவிட, கொடியை நடையோரத்திலிருந்து தள்ளி நடுவதே தர்மம்.

ஆகவே முள்ளுள்ள இனத்தையே தெரிந்து, நடைபாதையிலிருந்து ஆறடி தள்ளி, காலை வெயில் குறையாமல் விழும் இடத்தில் நட்டேன். மதிலோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுக் கம்பி இழுத்தேன், இலைகளுக்கிடையே காற்றுப் புக வேண்டும் என்பதற்காக. தண்ணீரை இலையில் தெளிக்காமல் விடியற்காலையில் அடியில் மாத்திரம் விடுவது வழக்கமாயிற்று. கைக்குத் தோலுறை இன்றிக் கொடியைத் தொடுவதில்லை. முட்குத்து அற்பமாகத் தோன்றினாலும், மண்ணில் வாழும் கிருமிகள் அதன் வழியே புகுந்து ஏற்புவலியையோ ஆறாத புண்ணையோ உண்டாக்கக்கூடும் என்பதால், குத்திய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, தடுப்பூசி எப்போது போட்டது என்று எண்ணிப் பார்ப்பதும் தோட்டவேலையின் ஒரு பகுதியே. தண்டுகளை நேரே மேலே செலுத்த முயன்ற என்னைத் தடுத்தவர், ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து இவ்வொழுங்கை வீடுகளில் தோட்டவேலை செய்யும் ஒரு முதியவர். "நிமித்தி விட்டா உச்சியில மட்டுந்தான் பூக்கும்ங்க ஐயா, படுக்கப் போட்டுக் கட்டினா கணுவுக்குக் கணு பூக்கும்" என்றார். நுனிமொட்டில் ஊறும் ஒரு ரசம் கீழ்மொட்டுகளை அடக்கி வைக்கிறது. தண்டைக் கிடையாக வளைத்தால் அந்த ஆதிக்கம் தளர்ந்து பக்கமொட்டுகள் விழித்துக்கொள்ளும். இதிலிருந்து பெறக்கூடிய உபதேசத்தை வாசகரே எழுதிக்கொள்வார் என்பதால் நான் எழுதவில்லை.

சென்ற வைகாசியில், தென்மேற்குப் பருவக்காற்று பலப்படுமுன் தண்டுகளைத் தும்புக் கயிற்றால் இறுக்கிவிட வேண்டும் என்று மாலையில் கொடிக்குள் கையை விட்டேன். உள்ளே போகும்போது ஒரு முள்ளும் தடுக்கவில்லை. வெளியே இழுத்தபோது, தோலுறைக்கு மேலே, முழங்கைச் சட்டையை இரண்டு முட்கள் கவ்விக்கொண்டன. பதறி இழுத்தேன்; துணியைக் கடந்து தோலில் இறங்கின. பிறகு அந்த வளைவை நினைத்துக்கொண்டு, இழுப்பதை நிறுத்தி, கையை இழுத்த திசைக்கு எதிராக, கொடியின் அடிப்பக்கம் நோக்கி, இன்னும் ஓர் அங்குலம் உள்ளே செலுத்தினேன். இரண்டும் தாமாகவே விட்டன. கையை உயர்த்தி எடுத்து, அடுத்த வீட்டு அக்காவின் துணிக்கொடியைப் பற்றத் தொடங்கியிருந்த ஒரு தண்டை அதே முறையில் விடுவித்து, நம் கம்பியில் கிடையாக வைத்துக் கட்டினேன். முள்ளை நறுக்கவில்லை.